வித்துடலாமா, வெச்சுக்கலாமா? தடுமாறும் இளம் பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றி முடிவெடுக்கும் வழி

"இன்னாக்கா இவன், மட்டையில பந்தே பட மாட்டேங்குது. இவனை இன்னும் எதுக்கு வெச்சுகினு கீறாங்க? எவனாவது கேட்டா தூக்கிக் குடுத்துட வேண்டியதுதானே?"

2024 சீசனில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் கேட்சர் (ஹிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஹென்றி டேவிஸ் பேட்டிங்கில் திணறியபோது என் தம்பி கேட்டது இது. டேவிஸ் சாதாரண ஆள் இல்லை. 2021 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், நாட்டிலேயே முதல் ஆளாக, 65 லட்சம் டாலர் போனஸோடு எடுக்கப்பட்டவர். அந்த ஆளுடைய பேட்டிங் ஆவரேஜ் அந்த சீசனில் .144. நூறு முறை ஆடினால் பதினாலு ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது) என்ற கணக்கு. தம்பிக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் கோபத்தில் எடுக்கிற முடிவுதான் இந்த விஷயத்தில் பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

எவ்வளவு மோசமாக ஆடுகிறார் என்பதை வைத்து யாரையும் கைமாற்றக் கூடாது. ஏன் மோசமாக ஆடுகிறார், அதைச் சரிசெய்ய நம்மிடம் ஆள் இருக்கிறதா, சரிசெய்யும் வரை நாள் மிச்சம் இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சே. அந்தப் பதில்களை எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். அணியை நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய வழியும் அதுதான், ரசிகர்களாக நாம் அவர்களுடைய முடிவை எடைபோட வேண்டிய வழியும் அதுதான்.

எனக்கு இந்த ஆட்டம் வேலை வழியாக வந்தது. தண்டையார்பேட்டையில் வீடு, அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இன்சூரன்ஸ் பில்லிங் பார்க்கும் ஆபீஸில் இரவு ஷிப்ட். கிளையன்ட் பிட்ஸ்பர்க்காரர்கள். அவர்கள் போனில் பேசிப் பேசி பைரேட்ஸ் அணி என்னோடு ஒட்டிக்கொண்டது. கோடையில் அங்கே மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. ஷிப்ட் முடிந்து, கேப் என்னை வைத்தியநாதன் பாலத்துப் பக்கம் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் ஆட்டம் தொடங்கச் சரியாக இருக்கும். தம்பி ஃபுட்பால் பிராக்டீசுக்கு வியாசர்பாடி கிளம்பும் முன் என்னோடு உட்கார்ந்து இரண்டு இன்னிங்ஸ் பார்ப்பான்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஐபிஎல் மாதிரி ஏலம் இங்கே கிடையாது. மொத்தம் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் டிராஃப்டில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கும். டொமினிகன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளில் சின்ன வயசுப் பையன்களோடு ஒப்பந்தம் போடும். எல்லோரையும் தன் மைனர் லீக் அணிகளில் போட்டு வளர்க்கும். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏறிக் கடைசியில் மேஜர் லீக். இப்படி ஏறிவரும் நம்பிக்கை நட்சத்திரத்தைத்தான் ப்ராஸ்பெக்ட் என்கிறார்கள். டிரேட் என்பது ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது. பெரும்பாலும் வளரும் பையன்களைக் கொடுத்து, இப்போதே ஆடத் தெரிந்த ஒருவரை வாங்குவது.

சரி, ஒரு பையன் தடுமாறுகிறான். முதல் வேலை, அவன் உண்மையிலேயே தடுமாறுகிறானா என்று பார்ப்பது.

ஆவரேஜ் மட்டும் பார்த்தால் தெரியாது. அடித்த பந்து ஃபீல்டர் கைக்குப் போவதா, இடைவெளியில் விழுவதா என்பதில் ஆடுபவரின் திறமைக்குப் பங்கு உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. வேலியைத் தாண்டிப் போகும் ஹோம் ரன்னைத் தள்ளிவிட்டால், மட்டையில் பட்டு ஆட்டத்துக்குள் வரும் பந்துகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று ஹிட்டாகும். லீக்கின் நீண்டகாலச் சராசரி அதுதான். ஒருவருக்கு இரண்டு மாதமாகப் பத்துக்கு இரண்டுதான் விழுகிறது, ஆனால் பந்து மட்டையிலிருந்து பலமாகக் கிளம்புகிறது என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2015 முதல் மேஜர் லீக் மைதானங்களில் எல்லாப் பந்தின் வேகத்தையும் கருவிகள் அளக்கின்றன. மணிக்கு 95 மைலும் அதற்கு மேலும் கிளம்பினால் அது பலமான அடி. அந்தக் கணக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது.

நான் ஆவரேஜுக்கு முன்னால் பார்ப்பது ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது), அதற்கு அடுத்து வாக் (தப்பாக வரும் நாலு பந்தை அடிக்காமல் விட்டு, சும்மாவே முதல் பேஸுக்குப் போவது). இந்த இரண்டிலும் ஃபீல்டருக்கு வேலை இல்லை, பந்து வீசும் பிட்சரும் அடிக்கும் ஹிட்டரும் மட்டும்தான். அதனால் குறைந்த ஆட்டங்களிலேயே உண்மை தெரிந்துவிடும். சமீப வருடங்களில் மேஜர் லீக்கில் நூறு முறை மட்டை பிடித்தால் ஏறக்குறைய 22, 23 முறை ஸ்ட்ரைக் அவுட். ஒரு இளம் ஆள் முப்பதைத் தாண்டிப் போய், வாக்கும் வாங்காமல் இருந்தால் கவலைப்படலாம். முப்பதைத் தொட்டாலும் பொறுமையாக நின்று வாக் வாங்குகிறார் என்றால், அவர் கண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

வயசைப் பார்க்க மறக்காதீர்கள். டபுள்-ஏவில் 20 வயசுப் பையன் .230 அடிப்பதும் 25 வயசு ஆள் .230 அடிப்பதும் ஒன்றில்லை. முதலாமவன் தன்னைவிட மூத்தவர்களோடு மோதிக்கொண்டிருக்கிறான். மைக் டிரவுட் 2011-ல் 19 வயசில் மேஜர் லீக்குக்கு வந்து 40 ஆட்டத்தில் அடித்தது .220. அடுத்த வருடமே லீக்கின் சிறந்த புதுமுகம்.

எண்களுக்கு அப்புறம் கண்ணால் பார்க்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சமீபத்திய ஒரு வாரத்தில் அவர் மட்டை பிடித்ததையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்ப்பேன். தவறவிட்ட பந்துகளை மட்டும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் பார்ப்பேன். நோட்டில் குறிப்பது மூன்று விஷயம்: என்ன பந்து, ஸ்ட்ரைக் ஜோனுக்குள்ளா (ஹிட்டர் அடிக்க வேண்டிய பந்து வரும் எல்லை) வெளியேவா, பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பும்போது இவருடைய முன்காலின் நிலை என்ன.

ஒரு பக்கம் நிரம்பினாலே கதை தெரிந்துவிடும். தவறவிட்டதெல்லாம் வெளிப்பக்கம் தாழ்ந்து ஓடும் ஸ்லைடர் என்றால், அவர் கண்ணுக்கும் பொறுமைக்கும்தான் பாடம் வேண்டும். அது கற்றுக்கொள்ளக்கூடியது, நிறைய பேர் கற்றிருக்கிறார்கள். ஜோனுக்கு நடுவிலேயே வருகிற ஃபாஸ்ட்பாலைத் தவறவிடுகிறார் என்றால் இன்னும் ஒரு படி கீழே போய்ப் பாருங்கள். முன்கால் சரியான நேரத்தில் தரையில் ஊன்றி, இடுப்பு திரும்பி, அப்புறமும் மட்டை பிந்துகிறதா? அப்படியானால் கை வேகமே போதவில்லை. அதுதான் எனக்குப் பயம் தரும் குறை. கால் இன்னும் அந்தரத்தில் இருக்கும்போதே பந்து பாதி தூரம் வந்துவிடுகிறதா? அப்படியானால் வேகம் இருக்கிறது, ஆரம்பிப்பதுதான் தாமதம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி காற்றில் வீசிய மட்டை. ஒன்றுக்குப் பல மாத வைத்தியமே போதும் போதாததாக இருக்கும். இன்னொன்று ஒரு நல்ல கோச் கையில் சில வாரத்து வேலை.

உடம்பையும் விசாரியுங்கள். மட்டையின் கைப்பிடி உள்ளங்கையில் அழுத்தும் இடத்தில் ஹேமேட் என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது உடைந்து ஆபரேஷன் ஆனால் ஆள் சில வாரங்களில் திரும்பிவிடுவார், ஆனால் அடியில் பழைய பலம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தில் எடுத்த எண்களை வைத்து ஒரு பையனை விலை பேசினால் வாங்குகிறவருக்குத்தான் லாபம். கேட்சர்களுக்கு இன்னொரு சுமை: பிட்சர்களின் பந்து, எதிரணி ஹிட்டர்களின் பலவீனம், எல்லாவற்றையும் அவர்கள்தான் தலையில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து ஆடுகிறார்கள். அவர்களுடைய பேட்டிங் தாமதமாக மலர்வதில் ஆச்சரியம் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. குறை தெரிந்துவிட்டது, அதைச் சரிசெய்ய நம்மிடம் ஆள் இருக்கிறதா? இதை நேர்மையாகக் கேட்கும் அணிகள் குறைவு. பைரேட்ஸ் ரசிகையாக இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கும்.

2018 ஜூலையில் பைரேட்ஸ் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தது. ஊரே உற்சாகத்தில் இருந்தது. ஜூலை 31, டிரேட் கெடு நாள். தம்பா பே ரேஸ் அணியிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை வாங்க, டைலர் கிளாஸ்னோவையும் ஆஸ்டின் மெடோஸையும் கொடுத்தார்கள். பிற்பாடு பெயர் சொல்கிறோம் என்ற ஒப்பந்தத்தில் மூன்றாவதாகப் போனவர் ஷேன் பாஸ். மெடோஸும் பாஸும் அணியின் முதல் சுற்று டிராஃப்ட் பிள்ளைகள்.

கிளாஸ்னோவைக் கவனியுங்கள். ஆறடி எட்டங்குல உயரம். பந்தின் வேகம் அபாரம். 2017-ல் மேஜர் லீக்கில் அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன், 7.69. எண்ணை மட்டும் பார்த்தால் தூக்கிக் கொடுக்க வேண்டிய ஆள்தான். ஆனால் அந்தக் காலத்தில் பைரேட்ஸ் தன் பிட்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், பந்தைத் தாழ்வாகப் போடு, தரையில் உருள வை என்பது. பல பேருக்கு அது நன்றாகவே வேலை செய்தது. கிளாஸ்னோவின் ஃபாஸ்ட்பாலோ மேலே போனால்தான் அடிக்க முடியாத பந்து. ரேஸ் அணி அவரை ஜோனுக்குள் தைரியமாக வீச விட்டது. ஃபாஸ்ட்பால் உயரத்தில், கர்வ்பால் அதன் அடியில். 2019-ல் நடுவே காயத்தால் உட்கார்ந்தாலும், ஆடிய 12 ஆட்டத்தில் ஈஆர்ஏ 1.78. 2020-ல் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். மெடோஸ் 2019-ல் 33 ஹோம் ரன் அடித்தார். ஆர்ச்சரின் 2019 ஈஆர்ஏ 5.19, 2020-ல் ஆபரேஷன் காரணமாக ஆடவே இல்லை.

குறை பையனிடம் இல்லை, பாடத்தில் இருந்தது. அதனால் உங்கள் அணியைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியது இது: இந்தப் பையன் தடுமாறும் அதே விதத்தில் வேறு எத்தனை பேர் இங்கே தடுமாறினார்கள்? இங்கிருந்து போனவர்கள் வேறு இடத்தில் எழுந்தார்களா? அப்படி நாலைந்து பேர் இருந்தால் விற்பதை நிறுத்திவிட்டு கோச்சை மாற்றுங்கள். பால்டிமோர் அணியும் இதைப் பட்டது. அங்கே 5.46 ஈஆர்ஏவோடு தவித்த ஜேக் அரியெட்டா 2013 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்குப் போனார்; 2015-ல் 1.77 ஈஆர்ஏவோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். பால்டிமோருக்கு வந்த பிட்சர் அந்த சீசன் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார்.

சரிசெய்ய ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ராய் ஹாலடே. டொரான்டோ அணியின் முதல் சுற்றுப் பிள்ளை. 2000-ல் அவருடைய ஈஆர்ஏ 10.64. அவ்வளவு மோசமான எண்ணை மேஜர் லீக்கில் அடிக்கடி பார்க்க முடியாது. டொரான்டோ அவரை விற்கவில்லை. 2001-ல் மேஜர் லீக்கில் ஆடிய ஆளை ஏ நிலைக்கு, டனிடின் ஊருக்கு அனுப்பியது. மெல் குவீன் என்ற கோச் அவருடைய கை வரும் கோணத்தையே மாற்றினார். தலைக்கு மேலிருந்து நேராக வீசிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வீச ஆரம்பித்தார். பந்து வளைந்து நெளிந்தது. அதே வருடம் திரும்பி வந்தார். 2003-லும் 2010-லும் சை யங் விருது, 2019-ல் புகழ் மண்டபம். அவரைக் கீழே அனுப்பியதைத் தண்டனை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓர் அணி ஒரு பையனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது என்பேன்.

சில சமயம் இடத்தை மாற்றினாலே போதும். கான்சாஸ் சிட்டியில் அலெக்ஸ் கார்டன் மூன்றாவது பேஸில் தவித்து, 2010-ல் லெஃப்ட் ஃபீல்டுக்கு மாறினார்; 2011-லேயே அந்த இடத்தில் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது வாங்கினார். தம்பிக்கு இது உடனே புரிந்துவிட்டது. "நம்ம கிரவுண்டுலயும் ஃபார்வர்டுல சொதப்பினவன் பேக்ல நின்னு கலக்குவான்க்கா" என்றான்.

மூன்றாவது கேள்வி நாள். ரசிகர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை, ஆனால் பாதி டிரேடுகளின் பின்னால் இருப்பது இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

மேஜர் லீக் அணியில் அன்றைய ஆட்டத்துக்கு 26 பேர். அதற்கு வெளியே மைனர் லீக்கில் ஆடுபவர்களையும் சேர்த்து மொத்தம் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அந்த 40-க்குள் வந்த இளம் ஆளை மேலும் கீழும் அனுப்ப அணிக்குப் பொதுவாக மூன்று சீசன் வாய்ப்பு. அதை ஆப்ஷன் என்பார்கள். ஒரு சீசனில் 20 நாளோ அதற்கு மேலோ மைனர் லீக்கில் இருந்தால் ஒரு ஆப்ஷன் செலவாகும். மூன்றும் தீர்ந்துவிட்டால் அப்புறம் அவரைச் சும்மா கீழே அனுப்ப முடியாது. வேவர் பட்டியலில் போட வேண்டும்; மற்ற 29 அணிகளில் யார் வேண்டுமானாலும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரத்துக்கு ஒரு விலை. வெயில் ஏறிய பிறகு அதே மீனுக்கு வேறு விலை. ஆப்ஷன் தீர்ந்த ஆட்டக்காரரின் நிலை அதுதான். நீங்கள் விற்றே ஆக வேண்டும் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

ஜோயி பார்ட்டைப் பாருங்கள். 2018 டிராஃப்டில் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்த கேட்சர். அந்த அணியின் நட்சத்திர கேட்சர் பஸ்டர் போசிக்கு அடுத்து இவர்தான் என்று ஊரே எதிர்பார்த்தது. மேஜர் லீக்கில் நிலைக்கவில்லை. ஆப்ஷன் தீர்ந்தது. 2024 சீசன் தொடக்கத்தில் அணியில் இடமில்லாமல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் பைரேட்ஸ் ஒரே ஒரு மைனர் லீக் பிட்சரைக் கொடுத்து அவரை வாங்கியது. அந்த சீசனில் 80 ஆட்டத்தில் .265, 13 ஹோம் ரன். டேவிஸ் திணறிக்கொண்டிருந்த அதே வருடம் அவருடைய இடத்தில் நின்று அடித்தவர் இந்த பார்ட்தான். கிளீவ்லாண்டுக்கும் இதே கதை. ஆப்ஷன் தீர்ந்த பிராண்டன் ஃபிலிப்ஸை 2006 ஏப்ரலில் சின்சினாட்டிக்கு அற்ப விலைக்குக் கொடுத்தார்கள். அவர் அங்கே நாலு கோல்டு கிளவ் வாங்கினார்.

ஆகவே கடைசி ஆப்ஷன் வருடம் தொடங்கும் முன்பே முடிவெடுங்கள். அந்தக் குளிர்காலம்தான் சரியான சமயம். எல்லா அணிகளும் நிதானமாக யோசிக்கும் காலம். வாங்குபவருக்கும் பையனை ஒரு வருடம் கீழே வைத்துத் திருத்த ஆப்ஷன் மிச்சம் இருக்கும். அதற்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பார்.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. 18 வயசிலோ அதற்கு முன்போ சேர்ந்த பையனை ஐந்து சீசனுக்குள், 19 வயசிலோ அதற்கு மேலோ சேர்ந்தவனை நாலு சீசனுக்குள் 40 பேர் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அடுத்த சீசன் முழுக்க அவனை மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விதிகள் அன்று வேறாக இருந்தாலும் இப்படி ஒரு டிராஃப்டில்தான், 1954-ல், புரூக்ளின் டாட்ஜர்ஸின் மான்ட்ரியால் அணியில் .257 அடித்துக்கொண்டிருந்த ஒரு பையனை பைரேட்ஸ் 4,000 டாலருக்கு எடுத்தது. ராபர்ட்டோ கிளெமென்டே. பிட்ஸ்பர்க்குக்காகவே 3,000 ஹிட் அடித்தவர்.

மேலே வழி அடைத்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அவர் ஆடும் இடத்தில் நீண்ட ஒப்பந்தத்தோடு ஒரு நட்சத்திரம் இருந்தால், நன்றாக ஆடினாலும் இடமில்லை. ஆனால் அதற்காக அவசரப்பட வேண்டாம். இடத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். பாஸ்டனில் மூன்றாவது பேஸில் வேட் பாக்ஸ் இருந்ததால் 1990 ஆகஸ்டில் ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஹூஸ்டன் அவரை முதல் பேஸில் நிறுத்தியது. 449 ஹோம் ரன்.

இப்போது விலை. தடுமாறும் நேரத்தில் விற்றால் குறைந்த விலைதான். அதனால் எப்போதும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஏஞ்சல்ஸ் அணியின் பிராண்டன் வுட் 2005-ல் ஹை-ஏவில் 43 ஹோம் ரன் அடித்தார். அந்தக் குளிர்காலத்தில் எந்த அணியும் அவருக்காகப் பெரிய ஆளைக் கொடுத்திருக்கும். ஆனால் கீழ் நிலைகளிலேயே அவருடைய ஸ்ட்ரைக் அவுட் அதிகம். மேஜர் லீக்கில் மொத்தமாக அடித்தது .186, 18 ஹோம் ரன். கடைசியில் 2011-ல் வேவரில் போட்டார்கள், பைரேட்ஸ் எடுத்தது. நம் கையில் இருக்கும் பையனின் குறை நமக்குத் தெரிந்து, வெளியே இன்னும் பெயர் இருக்கும்போதுதான் விற்க வேண்டும். தினமும் அவனைப் பார்ப்பவர்கள் நம் கோச்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் நமக்கு மற்றவர்களைவிட முன்னிலை.

இதை ஒரு முறையாக வைத்துக்கொள்ளலாம். குறை நிலையானது, ஜோனுக்குள் வரும் ஃபாஸ்ட்பாலுக்குக் கை போதவில்லை, ஆனால் ஊர் இன்னும் நம்புகிறது: விற்றுவிடுங்கள், இந்தக் குளிர்காலமே. குறை திருத்தக்கூடியது, கோச் இருக்கிறார், இரண்டு ஆப்ஷன் மிச்சம்: வைத்துக்கொள்ளுங்கள், யார் என்ன கேட்டாலும். குறை திருத்தக்கூடியது, ஆனால் நம்மால் முடியவில்லை: இதுதான் கஷ்டமான நிலை. அப்போது வாங்க வருகிறவர் கேட்கிற விதத்தைக் கவனியுங்கள். ஆட்களைத் திருத்துவதில் பேர் வாங்கிய அணி, ஊரே கைவிட்ட பையனைப் பேர் சொல்லிக் கேட்கிறது என்றால், அவர்கள் எதையோ பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு போனை வைத்துவிட்டு, அவனுடைய வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

ஜூலைக் கடைசியிலும் அதை ஒட்டிய நாட்களிலும் ரொம்ப ஜாக்கிரதை. அணி ஜெயித்துக்கொண்டிருக்கும், ரசிகர்கள் ஒரு பிட்சர் கேட்பார்கள், தடுமாறும் பையன் யாருக்கும் வேண்டாதவனாகத் தெரிவான். 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் அணி, டாயல் அலெக்ஸாண்டர் என்ற மூத்த பிட்சருக்காக, டபுள்-ஏவில் 4 வெற்றி 10 தோல்வியோடு இருந்த 20 வயசுப் பையன் ஒருவனைக் கொடுத்தது. அலெக்ஸாண்டர் 9 ஆட்டம் ஜெயித்தார், ஒன்றும் தோற்கவில்லை; டெட்ராய்ட் டிவிஷனையும் வென்றது. கொடுத்த பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ்: 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றியது), 2015-ல் புகழ் மண்டபம். டெட்ராய்ட் செய்தது தப்பு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், அவர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் 4-10 என்ற எண்ணை வைத்து அவனை எடைபோட்டிருந்தால் அது தப்பு.

கொடுத்த போனஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 65 லட்சம் டாலரோ 70 லட்சமோ, அது கொடுத்த அன்றே முடிந்துபோன செலவு. "இவ்வளவு கொட்டியிருக்கோம்" என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டே திரிவதும் தப்பு, "இவ்வளவு கொட்டியும்..." என்று கரித்துக்கொட்டுவதும் தப்பு.

முடிவெடுத்துவிட்டால் பையனிடம் நேரில் சொல்லுங்கள். டிரேடை மறுக்கும் உரிமை, பத்து வருடம் மேஜர் லீக்கில் ஆடி அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவர்களுக்குத்தான் விதிப்படி உண்டு. 22 வயசுப் பையனுக்குக் கிடையாது. ஒரு போன் வரும், மறுநாள் வேறு ஊர், தெரியாத வாடகை அறை. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பையனாக இருந்தால் பழகிய நாலு பேரையும் விட்டுப் போக வேண்டும். எந்தக் குறையைத் திருத்த முயன்றோம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை எழுதி அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள். எதிரணிக்கு உதவுவதாக ஆகாதா என்று தம்பி கேட்டான். ஆகட்டும். அவன் நம்மிடம் வளர்ந்தவன்.

அதே நாள் உங்களுக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள்: என்ன காரணத்துக்காகக் கொடுத்தோம், அவனிடம் எது மாறாது என்று நினைத்தோம். இரண்டு வாரத்தில் எடுத்துப் பார்க்காதீர்கள். இரண்டு சீசன் போகட்டும். அவன் அங்கேயும் அதே குறையோடு இருந்தால் கணிப்பு சரி. எழுந்து நின்றான் என்றால், அங்கே என்ன மாற்றினார்கள் என்று கண்டுபிடித்து, நம் மைனர் லீக்கில் இப்போது அதே மாதிரி தவிக்கும் பையன் யார் என்று தேடுங்கள். பைரேட்ஸ் 2019 சீசன் முடிந்த கையோடு மேனேஜர், பிட்சிங் கோச், ஜெனரல் மேனேஜர் மூவரையும் மாற்றியது. கிளாஸ்னோ போய் அப்போது ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது.